கல்விப் பணியாளர் கல்லூரி

கல்விப் பணியாளர் கல்லூரி என்பது இந்தியாவில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி அளிப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய நிறுவனம் ஆகும். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடியொற்றி 1987ஆம் ஆண்டு முதல் இக்கல்லூரிகள் பல்வேறு பல்கலைக்கழகங்களுக்குள் நிறுவப்பட்டன. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இங்கு மாணவர் சேர்க்கையோ பட்டப் படிப்போ இல்லை. கல்லூரிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களே சில வாரங்கள் இங்கு மாணவர்களாக அமர்ந்து பயில்வர்.

2015ஆம் ஆண்டில் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. 2023ஆம் ஆண்டு முதல் மாளவியா பணித்திட்ட ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. எனினும் மூத்த ஆசிரியர்களின் பேச்சு வழக்கில் 'ஸ்டாஃப் காலேஜ்' என்ற பழைய பெயரும், 'ஓரியண்டேஷன்', 'ரெஃப்ரெஷர்' என்ற பயிற்சிப் பெயர்களும் நிலைத்துள்ளன.

பின்னணி

இந்தியாவில் பள்ளி ஆசிரியராக விரும்புபவர் பணியில் சேரும் முன்பே கற்பிக்கும் முறையைப் பயின்றிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் பட்டயப் பயிற்சியும், உயர்நிலைப் பள்ளிக்குக் கல்வியியல் இளநிலைப் பட்டமும் தேவை. இப்படிப்புகளின் ஒரு பகுதியாகப் பயிற்சி மாணவர் பள்ளிக்குச் சென்று, அனுபவம் மிக்க ஆசிரியரின் பார்வையில் பாடம் நடத்திப் பழகுவார்.

கல்லூரி ஆசிரியருக்கு இத்தகைய முன்பயிற்சி கட்டாயமாக இருந்ததில்லை. முதுகலைப் பட்டமும், அதற்குமேல் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும் இருந்தால் ஒருவர் கல்லூரியில் கற்பிக்கும் தகுதி பெறுகிறார். 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு விரிவுரையாளர் பணிக்கான தகுதியாக 1989ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வருகிறது. அதன் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய வினாக்கள் உள்ளன. ஆனால் அவை சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாக்கள். தேர்வர் ஒரு வகுப்பின் முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டியதில்லை.

இதன் விளைவாக, பல கல்லூரி ஆசிரியர்கள் தமக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பார்த்தே கற்பிக்கக் கற்றுக்கொள்கின்றனர். ஆய்வகத்தில் ஐந்தாண்டுகள் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே அறுபது மாணவர்கள் கொண்ட வகுப்பை எதிர்கொள்ள நேரிடலாம். பாடத்தை அறிந்திருப்பதும் பாடத்தைக் கற்பிக்க அறிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதே கல்விப் பணியாளர் கல்லூரிகளின் தோற்றத்திற்கு அடிப்படையான கருத்தாகும்.

வரலாறு

முன்னோடி முயற்சிகள்

விடுதலைக்குப் பின்னர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), உயர்நிலைப் பள்ளி, இடைநிலைக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சிகள் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) மேலும் ஒரு படி சென்று, புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி தேவை என்றது. பெரிய பல்கலைக்கழகங்களில் இதனை நிலையான ஏற்பாடாக்க, பணியாளர் கல்லூரிகளை அமைக்கலாம் என்றும் அது கூறியது. இந்தக் கருத்து நடைமுறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் வேறு சில திட்டங்கள் செயல்பட்டன. 1963ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவின் உதவியுடன் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. 1970களில், கல்லூரி ஆசிரியர்கள் ஊதியத்துடன் விடுப்புப் பெற்று ஆய்வுப் பட்டம் பயில உதவும் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் பரவலாயிற்று. இவை பெரும்பாலும் ஆசிரியரின் பாட அறிவை வளர்க்கும் நோக்கம் கொண்டவை. வகுப்பறையில் கற்பிக்கும் முறை இவற்றில் முதன்மை இடம் பெறவில்லை.

1983ஆம் ஆண்டில் இந்திய அரசு ஆசிரியர்களுக்கான இரு தேசியக் குழுக்களை அமைத்தது. அவற்றுள் ரைஸ் அகமது தலைமையிலான இரண்டாவது குழு உயர்கல்வி ஆசிரியர்களின் நிலையை ஆராய்ந்தது.

தோற்றம்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்குப் பணியின் தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சியும் அதன்பின் தொடர் கல்வியும் அளிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. இதனைச் செயற்படுத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றது. அதன் நிதியுதவியுடன் 1987ஆம் ஆண்டு முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. காலப்போக்கில் இவற்றின் எண்ணிக்கை 66 ஆக உயர்ந்தது.

பதவி உயர்வுடன் இணைப்பு

கல்விப் பணியாளர் கல்லூரிகளின் போக்கைத் தீர்மானித்த நிகழ்வு, அவை தொடங்கப்பட்ட அதே காலத்தில் நடந்த ஊதியத் திருத்தம் ஆகும். அதுவரை கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் உயர்நிலை பெறுவது பெரும்பாலும் காலிப் பணியிடங்களைச் சார்ந்திருந்தது. திறமை மிக்க ஆசிரியரும் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறும் நிலை பரவலாக இருந்தது. ஆர். சி. மெஹரோத்ரா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்தும், 1987ஆம் ஆண்டில் நடந்த நாடு தழுவிய ஆசிரியர் வேலைநிறுத்தத்தின் பின்னணியிலும் புதிய ஊதிய விகிதங்களும் பணி மேம்பாட்டுத் திட்டமும் உருவாயின. ஊதியத் திருத்தம் 1986 சனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது.

இத்திட்டப்படி எட்டு ஆண்டுகள் பணியாற்றிய விரிவுரையாளர், காலிப் பணியிடத்திற்குக் காத்திராமல் முதுநிலை ஊதிய விகிதத்திற்கு உயர முடிந்தது. அதற்கான நிபந்தனைகளுள் ஒன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கொண்ட இரு புத்தொளிப் பயிற்சிகளிலோ அவற்றுக்கு இணையான பயிற்சிகளிலோ பங்கேற்றிருக்க வேண்டும் என்பதாகும். 1998ஆம் ஆண்டின் திருத்தத்தில் தேவையான பணிக்காலம் ஆறு ஆண்டுகளாகவும், ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாகவும், முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நான்காகவும் குறைந்தது. பயிற்சி நிபந்தனை ஓர் அறிமுகப் பயிற்சி, ஒரு புத்தொளிப் பயிற்சி என்று அமைந்தது. அடுத்த நிலைக்குச் செல்ல மேலும் பயிற்சிகள் தேவைப்பட்டன.

இந்த இணைப்பு இரு வகையான விளைவுகளை உண்டாக்கியது. ஒருபுறம், பயிற்சிக்கு ஆசிரியர்கள் வருவதும், கல்லூரி நிருவாகம் அவர்களைப் பணி விடுப்பில் அனுப்புவதும் உறுதியாயின. மறுபுறம், பயிற்சியின் பயன் வகுப்பறையில் தேடப்படாமல் சான்றிதழில் தேடப்படும் நிலையும் தோன்றியது. பின்னர் எழுந்த விமர்சனங்கள் பலவும் இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளைத்தவை.

பெயர் மாற்றங்கள்

2014 திசம்பர் 25 அன்று பண்டித மதன் மோகன் மாளவியா பெயரில் ஆசிரியர்களுக்கும் கற்பித்தலுக்குமான தேசியப் பணித்திட்டம் ஒன்றை இந்திய அரசு தொடங்கியது. மாளவியா (1861-1946) பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தின் நிறுவனர் ஆவார். 2015ஆம் ஆண்டில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று இவ்விரு ஏற்பாடுகளும் ஒன்றிணைக்கப்பட்டு மாளவியா பணித்திட்ட ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது நாடு முழுவதும் 111 மையங்கள் அறிவிக்கப்பட்டன.

பயிற்சி வகைகள்

அறிமுகப் பயிற்சி

இது புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு உரியது. எல்லாத் துறையினரும் ஒரே குழுவில் பங்கேற்பர். கல்விப் பணியாளர் கல்லூரிகளின் காலத்தில் இதன் கால அளவு நான்கு வாரங்கள், அதாவது 24 வேலை நாள்கள் ஆகும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வீதம் மொத்தம் 144 மணி நேரம். பாடப்பொருள் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தது.

1. சமூகம், சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆகியவற்றுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு
2. கல்வித் தத்துவம், இந்தியக் கல்வி முறை, கற்பித்தல் முறை
3. நூலகம், கணினி முதலிய வளங்களை அறிதலும் புதிய அறிவை உருவாக்குதலும்
4. மேலாண்மையும் ஆளுமை மேம்பாடும்

இயற்பியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே அறையில் நான்கு வாரங்கள் அமர்வது இப்பயிற்சியின் தனித்தன்மை ஆகும். துறைச் சுவர்களுக்குள் இயங்கும் கல்லூரி வாழ்க்கையில் இத்தகைய வாய்ப்பு அரிது.

புத்தொளிப் பயிற்சி

இது ஒரு குறிப்பிட்ட பாடத்தில் அண்மைக்கால வளர்ச்சியை ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்துவது. ஒரே துறையைச் சேர்ந்தவர்களோ நெருங்கிய துறைகளைச் சேர்ந்தவர்களோ இதில் பங்கேற்பர். கால அளவு மூன்று வாரங்கள், 18 வேலை நாள்கள், 108 மணி நேரம் என்று இருந்தது. பிற்காலத்தில் இது இரண்டு வாரங்களாகக் குறைக்கப்பட்டது. அறிமுகப் பயிற்சியை முடித்தவரே இதில் சேரலாம் என்பதும், இரு பயிற்சிகளுக்கு இடையே குறைந்தது ஓராண்டு இடைவெளி வேண்டும் என்பதும் பொது விதிகளாகும்.

பட்டப் படிப்பை முடித்து இருபது ஆண்டுகள் ஆன ஓர் உயிரியல் ஆசிரியர் தாம் மாணவராக இருந்தபோது இல்லாத பாடங்களைக் கற்பிக்க வேண்டியுள்ளது. பெரிய நூலகமோ ஆய்வகமோ இல்லாத சிற்றூர்க் கல்லூரியில் பணிபுரிபவருக்குப் புத்தொளிப் பயிற்சி தம் துறையின் ஆய்வாளர்களை நேரில் சந்திக்கும் வாய்ப்பாக அமைகிறது.

பிற பயிற்சிகள்

ஒரு வாரமோ அதற்குக் குறைவாகவோ நடைபெறும் குறுகிய காலப் பயிற்சிகள், கல்லூரி முதல்வர்களுக்கான கூட்டங்கள், அலுவலகப் பணியாளர்களுக்கான பயிற்சிகள், ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்குகள் ஆகியனவும் நடத்தப்பட்டு வந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் மானியக் குழு 'குரு தக்ஷதா' என்ற பெயரில் புதிய ஆசிரியர்களுக்கான ஒரு மாதப் பணித்தொடக்கப் பயிற்சிக்குரிய வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2023க்குப் பின் தேசியக் கல்விக் கொள்கை பற்றிய இரண்டு வார இணையவழிப் பயிற்சி ஒன்றும் சேர்ந்துள்ளது. பல்துறைக் கல்வி, இந்திய அறிவு மரபுகள், கல்வித் தலைமையும் நிருவாகமும், உயர்கல்வியும் சமூகமும், ஆய்வும் வளர்ச்சியும், திறன் மேம்பாடு, மாணவர் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும், தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் ஆகிய எட்டும் அதன் கருப்பொருள்கள் ஆகும்.

பயிற்சி நடைபெறும் முறை

ஒரு பயிற்சிக் குழுவில் பொதுவாக முப்பது முதல் நாற்பது ஆசிரியர்கள் இருப்பர். நாளொன்று பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் கொண்ட நான்கு அமர்வுகளாகப் பிரிக்கப்படும். வெளியிலிருந்து அழைக்கப்படும் வல்லுநர்கள் அமர்வுகளை நடத்துவர். நிலையான ஆசிரியர் எண்ணிக்கை மிகக் குறைவு. ஓர் இயக்குநரும் ஓரிரு ஆசிரியர்களும் மட்டுமே கொண்டு இயங்கிய மையங்கள் பல. பங்கேற்பாளர்கள் கருத்தரங்கக் கட்டுரை வழங்குதல், செயல்திட்டம் தயாரித்தல், தேர்வு எழுதுதல் ஆகியவற்றின் அடிப்படையில் தரம் பெறுவர்.

நுண்நிலைக் கற்பித்தல்

அறிமுகப் பயிற்சியில் வகுப்பறைப் பணியோடு நேரடித் தொடர்புடைய பகுதி நுண்நிலைக் கற்பித்தல் ஆகும். இம்முறையை 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். ஆசிரியர் ஒரு சிறு பாடப்பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு திறனில் மட்டும் கவனம் செலுத்தி, சிறு குழு ஒன்றின் முன் சில நிமிடங்கள் கற்பிப்பார். வினாக் கேட்டல், எடுத்துக்காட்டுத் தருதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல், பாடத்தைத் தொடங்குதல் போன்றவை அத்தகைய திறன்கள் ஆகும்.

இந்தியாவில் ஆசிரியர் கல்வியில் பின்பற்றப்படும் சுழற்சி 36 நிமிடங்கள் கொண்டது.

1. கற்பித்தல் - 6 நிமிடங்கள்
2. பின்னூட்டம் - 6 நிமிடங்கள்
3. மறு திட்டமிடல் - 12 நிமிடங்கள்
4. மறு கற்பித்தல் - 6 நிமிடங்கள்
5. மறு பின்னூட்டம் - 6 நிமிடங்கள்

இம்முறையின் பயன் இரண்டாவது முறை கற்பிப்பதில் உள்ளது. குறையைச் சுட்டிக்காட்டிய உடனேயே அதனைத் திருத்திப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. கல்லூரி ஆசிரியர் பலருக்கும் தம் பாடத்தைச் சக ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கருத்துக் கூறும் முதல் நிகழ்வு இதுவாகவே அமைகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் அமைந்தன. அண்டை ஒன்றியப் பகுதியான புதுச்சேரியில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய மையம் உண்டு. ஆசிரியர் தம் மாநிலத்து மையத்திற்கே செல்ல வேண்டும் என்பதில்லை. எனவே ஒவ்வொரு குழுவிலும் வெளிமாநிலத்தவரும் கலந்திருப்பர். இதனால் பயிற்சி மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருந்து வருகிறது. தமிழ்ப் பாடத்திற்கான புத்தொளிப் பயிற்சிகள் தமிழில் நடைபெறுகின்றன.

பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனி ஏற்பாடு உள்ளது. சென்னை தரமணியில் 1964ஆம் ஆண்டில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கொல்கத்தா, போபால், சண்டிகர் ஆகிய நகரங்களிலும் இத்தகைய நிறுவனங்கள் அதே பத்தாண்டில் அமைந்தன. இவை 2003ஆம் ஆண்டில் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. பொறியியல் ஆசிரியர்கள் உயர் பட்டம் பெற உதவும் தர மேம்பாட்டுத் திட்டம் 1970ஆம் ஆண்டில் தொடங்கியது.

இணையவழிப் பயிற்சி

2018 நவம்பரில் இந்திய அரசு 'அர்பித்' என்ற பெயரில் இணையவழிப் புத்தொளிப் பயிற்சியைத் தொடங்கியது. 'சுவயம்' தளத்தில் வழங்கப்பட்ட இப்பயிற்சி 40 மணி நேரம் கொண்டது. இதில் 20 மணி நேரம் காணொளிப் பாடங்களுக்கும் 20 மணி நேரம் பிற வகைப் பாடங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. இறுதியில் மேற்பார்வையுடன் கூடிய தேர்வில் தேர்ச்சி பெறுவது பதவி உயர்வுக்கு ஒரு புத்தொளிப் பயிற்சியாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டின் மானியக் குழு விதிமுறைகளும் திறந்த இணையப் படிப்புகளைப் பதவி உயர்வுக்குரிய பயிற்சிகளுள் சேர்த்தன.

2020ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் ஏறத்தாழ எல்லாப் பயிற்சிகளும் இணையவழிக்கு மாறின. இதனால் சிறு குழந்தைகள் உள்ள ஆசிரியைகள், முதிய பெற்றோரைக் கவனிப்பவர்கள், தொலைதூரக் கல்லூரியினர் ஆகியோர் வீட்டிலிருந்தே பங்கேற்க முடிந்தது. ஆனால் பயிற்சிக்கென்று விடுவிக்கப்படாமல் வழக்கமான வகுப்புகளையும் எடுத்துக்கொண்டே பயிற்சியிலும் இணையும் நிலை சிலருக்கு ஏற்பட்டது. உடன் தங்கிப் பயிலும்போது உணவு வேளையிலும் மாலையிலும் நிகழும் துறை கடந்த உரையாடல் இணையவழியில் கிடைப்பதில்லை என்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது.

தாக்கம்

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதால் உண்மையில் பயன் உண்டா என்பது உலகளவில் ஆராயப்பட்ட வினா ஆகும். கிரகாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி ஆகியோர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் அடிக்கடி சுட்டப்படுகிறது. எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆசிரியர்களை அவர்கள் ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றவர்கள் 'நான் என்ன சொல்லப் போகிறேன்' என்பதிலிருந்து 'மாணவர் என்ன கற்கிறார்' என்பதை நோக்கி நகர்ந்தனர். அவர்களுடைய மாணவர்கள் வெறும் மனப்பாடத்தைச் சார்ந்திருப்பதும் குறைந்தது. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவில் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

இந்திய நிலையோடு இதனை ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அந்த ஆய்வில் இடம்பெற்ற பயிற்சிகள் 4 முதல் 18 மாதங்கள் வரை நீடித்தவை. ஆசிரியர் தம் வகுப்பில் கற்பித்துக்கொண்டே அவற்றில் பயின்றார். கல்விப் பணியாளர் கல்லூரிப் பயிற்சியோ வகுப்பறையிலிருந்து ஆசிரியரை வெளியே அழைத்து, மூன்று அல்லது நான்கு வாரங்களில் முடிந்துவிடுவது.

விமர்சனங்கள்

சான்றிதழ் நோக்கம்

பயிற்சி பதவி உயர்வுக்கான நிபந்தனையாக மாறியதால், கற்கும் விருப்பத்தை விடச் சான்றிதழ் தேவையே பலரை வரச் செய்கிறது என்பது நெடுங்கால விமர்சனம். பதவி உயர்வுக்குரிய ஆண்டு நெருங்கும்போது, தம் பாடத்தோடு தொலைவான தொடர்பே உள்ள பயிற்சியிலும் ஆசிரியர் சேர்வதுண்டு. பதவி உயர்வின் இறுதி நிலையை எட்டியவருக்குப் பயிற்சிக்கு வர எந்தத் தூண்டுதலும் இருப்பதில்லை. இதற்கு மாறாக, இந்த நிபந்தனை நீக்கப்பட்டால் கல்லூரிகள் ஆசிரியர்களை விடுவிக்கவே மாட்டா என்ற வாதமும் உள்ளது.

இடப் பற்றாக்குறை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 15.98 இலட்சம் உயர்கல்வி ஆசிரியர்கள் இருந்தனர். 66 மையங்கள் ஒவ்வொன்றும் மாதம் ஒன்றாக ஆண்டுக்கு 12 பயிற்சிகளை, பயிற்சிக்கு 40 பேர் என்ற கணக்கில் நடத்துவதாகக் கொண்டாலும், ஓராண்டில் 31,680 பேரே பயிற்சி பெற முடியும். இந்த வேகத்தில் அனைவருக்கும் ஒருமுறை வாய்ப்புக் கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகும். இடம் கிடைக்காமல் பதவி உயர்வு தள்ளிப்போன ஆசிரியர்களுக்காக, பயிற்சியை முடிப்பதற்குரிய கடைசி நாளை மானியக் குழு பலமுறை நீட்டிக்க நேர்ந்தது. 2018ஆம் ஆண்டுக்குப் பின் இணையவழிப் பயிற்சிகளுக்கு முதன்மை தரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

விரிவுரை வழியே பயிற்சி

மாணவர் பங்கேற்புடன் கற்பிக்க வேண்டும் என்ற கருத்தையே ஒன்றரை மணி நேர விரிவுரையாக நிகழ்த்தும் முரண்பாடு பல பயிற்சிகளில் காணப்பட்டது. அமர்வுகள் வெவ்வேறு விருந்துரையாளர்களிடம் பகிர்ந்தளிக்கப்படுவதால் ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இல்லாமல் போவதும் உண்டு.

தொடர் கவனிப்பு இன்மை

பயிற்சியின் இறுதி நாளில் பங்கேற்பாளர்களிடம் கருத்துப் படிவம் பெறப்படுகிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்களுடைய வகுப்பில் என்ன மாறியது என்று பார்க்கும் முறையான ஏற்பாடு உருவாகவில்லை. பயிற்சியில் கற்றதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியரும், பழைய பாடத்திட்டம், பழைய தேர்வு முறை, நிறைந்த வகுப்பறை ஆகியவற்றுக்கே திரும்ப வேண்டியுள்ளது. இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திடம் இருப்பதால் அவரால் மாற்றக்கூடியது சிறிதளவே.

தற்காலிக ஆசிரியர்கள்

கல்விப் பணியாளர் கல்லூரி விதிகள், மூன்று கல்வியாண்டுகள் கற்பித்த பகுதிநேர, தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்களும் பங்கேற்க இடமளித்தன. எனினும் நடைமுறையில் இவர்கள் பயன்பெறுவது கடினம். இவர்களுக்குப் பணி மேம்பாட்டுத் திட்டம் பொருந்தாது என்பதால் பதவி உயர்வு என்ற தூண்டுதல் இல்லை. பயிற்சிக்குச் செல்லும் நாள்களுக்கு ஊதியம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் பணிபுரிகின்றனர். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் பலரின் நிலையும் இதனை ஒத்ததே.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் மிகுதியாகப் பயிலும் வகுப்புகள் பலவற்றை இவர்களே நடத்துகின்றனர். நல்ல கற்பித்தல் மிகவும் தேவைப்படும் இடத்தில் பணிபுரிபவருக்கே பயிற்சி எட்டாமல் போவது இந்த அமைப்பின் தீராத சிக்கலாக உள்ளது.

பிற நாடுகளில்

பணியிடை வளர்ச்சிக்கான ஏற்பாடுகளுள் பழமையானது ஊதியத்துடன் கூடிய ஆய்வு விடுப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880ஆம் ஆண்டில் இதனை ஏற்படுத்தியது. கற்பித்தலை மேம்படுத்துவதற்கென்றே அமைந்த முன்னோடி மையங்களுள் ஒன்று 1962ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அமெரிக்க மையங்கள் பொதுவாக அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்காகவே இயங்குகின்றன. ஆசிரியர் வேண்டினால் மைய அலுவலர் வகுப்புக்கு வந்து பார்த்து, தனிப்பட்ட முறையில் கருத்துக் கூறுவார்.

பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டின் டியரிங் அறிக்கை, பல்கலைக்கழக ஆசிரியர்கள் கற்பித்தலில் பயிற்சியும் அங்கீகாரமும் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. புதிய விரிவுரையாளர்கள் தகுதிகாண் பருவத்தில் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பை முடிப்பது அங்குப் பல பல்கலைக்கழகங்களில் வழக்கமாயிற்று.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மேம்பாட்டு மையம் 1990களின் பிற்பகுதியில் உயர்கல்விக் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. பின்னர்ப் பிற பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய மையங்கள் அமைந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பணியாளர் மேம்பாட்டு மையம் உள்ளது. அங்குத் தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதி செய்யப்படுவதற்கு இத்தகைய பயிற்சி நிபந்தனையாக உள்ளது. இந்தியாவில் பயிற்சி பதவி உயர்வோடும், இலங்கையில் பணி உறுதிப்பாட்டோடும் இணைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்க வேறுபாடு ஆகும். இரண்டாவது முறையில் பயிற்சி பணியின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020

இக்கொள்கை, கல்லூரி ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சி நடப்பிலுள்ள அமைப்புகள் வழியே தொடரவும் வலுப்படுத்தப்படவும் வேண்டும் என்கிறது. மூத்த, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இளைய ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் தேசியப் பணித்திட்டம் ஒன்றையும் அது முன்மொழிகிறது. இந்திய மொழிகளில் கற்பிக்கும் திறன் உடையவர்களும் இதில் இடம்பெற வேண்டும் என்று குறிப்பிடுகிறது.

புதிதாகச் சேரும் முனைவர் பட்ட மாணவர்கள் தம் ஆய்வுக் காலத்திலேயே கற்பித்தல், கல்வியியல், எழுதுதல் தொடர்பான படிப்புகளைப் பயில வேண்டும் என்பதும் இக்கொள்கையின் கூறு ஆகும். இது முழுமையாக நடைமுறைக்கு வருமானால், முனைவர் பட்டம் பெற்று வரும் கல்லூரி ஆசிரியர்களாவது கற்பிக்கப் பயின்ற பின்னரே வகுப்பறைக்குள் நுழைவர்.

இவற்றையும் பார்க்கவும்

பல்கலைக்கழக மானியக் குழு
தேசியத் தகுதித் தேர்வு
கோத்தாரிக் கல்விக் குழு
நுண்நிலைக் கற்பித்தல்
தேசியக் கல்விக் கொள்கை 1986
தேசியக் கல்விக் கொள்கை 2020
மதன் மோகன் மாளவியா